பிள்ளைக்குக் காய்ச்சல்: மருந்து கொடுக்கலாமா, விடலாமா?

மழை பிடித்துவிட்டது. இங்கே பர்மாவில், ரங்கூனிலும் பெகுவிலும் வீட்டுக்கொரு பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்கிறது. முப்பது வருஷம் பிள்ளைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்று கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறீர்கள். அவசரமானதை முதலில் எடுக்கிறேன்.

இரண்டு மாசக் குழந்தை, சிஸ்டர். காய்ச்சல் 100.6 இருக்கு. சொட்டு மருந்து எத்தனை விடணும்?

ஒரு சொட்டும் விட வேண்டாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 வந்தாலே டாக்டர் பார்க்க வேண்டும். இந்த வயதில் ரத்தத்திலோ மூளையைச் சுற்றியோ கிருமி இருந்தாலும் வெளியே தெரிவது இந்தச் சின்னச் சூடு மட்டுமாக இருக்கும்.

மூணு வயசுப் பையன். 101 காட்டுது. ஆனா தரையில உட்கார்ந்து கார் உருட்டிக்கிட்டு இருக்கான். மாமியார் உடனே மருந்து கொடுங்கிறாங்க. கொடுக்கவா?

இப்போதைக்கு வேண்டாம்மா. கிருமி நுழைந்ததும் உடம்பே தன் சூட்டை ஏற்றிக்கொள்கிறது. அந்தச் சூட்டில் கிருமி பெருகுவது சிரமம். பாரசிட்டமால் சில மணி நேரத்துக்குச் சூட்டை இறக்கும், வலியைக் குறைக்கும். கிருமியை அது தொடாது, நோயும் அதனால் சீக்கிரம் போகாது. ஆகவே மருந்து பிள்ளையின் அவஸ்தைக்குத்தான். 102 இருந்தும் விளையாடி, தண்ணீர் குடிக்கிறவனை விட்டுவிடலாம். 100.8இலேயே தலைவலி என்று அழுது, கஞ்சியைத் தள்ளிவிடுகிறவனுக்குக் கொடுங்கள். வலி அடங்கினால் நாலு வாய் குடிப்பான். நன்றாகத் தூங்குகிற பிள்ளையை எழுப்பி மருந்து ஊற்றாதீர்கள். மாமியாரிடம் இதையெல்லாம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர்கள் பயப்படுவதும் பேரன் மேல் உள்ள பாசத்தில்தான்.

காய்ச்சலை விட்டா ஜன்னி கண்டுடாதா அக்கா? என் தம்பி மகனுக்கு வந்துச்சு.

காய்ச்சலில் வருகிற வலிப்பைத்தானே சொல்கிறீர்கள்? ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் சில பிள்ளைகளுக்கு வரும். நூற்றில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகள் வரை என்று கணக்கு. நேரத்துக்கு நேரம் பாரசிட்டமால் கொடுத்தாலும் அது தடுப்பதில்லை. இதைப் பலமுறை ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். பார்க்கத்தான் குலை நடுங்கும். பெரும்பாலும் சில நிமிஷத்தில் தானே நின்றுவிடும், மூளையையும் கெடுக்காது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இரும்பைத் திணிப்பது, பல்லுக்கு நடுவே கரண்டி வைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. ஐந்து நிமிஷம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. முதல் தடவை என்றால் நின்ற பிறகும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிரப் ஒரு ஸ்பூன் கொடுத்தேன், காய்ச்சல் இறங்கல. இன்னொரு ஸ்பூன் கொடுக்கலாமா?

எந்த சிரப், எந்த ஸ்பூன்? பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பாரசிட்டமால் சிரப்பிலேயே 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று ஒன்று இருக்கும், 250 என்று ஒன்று இருக்கும். சொட்டு மருந்தாக வருவதில் ஒரே மில்லியில் 100 இருக்கும். பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 120 சிரப் என்றால் 5 மில்லி சரி. அதே 5 மில்லியை 250 சிரப்பில் எடுத்தால் அளவு மீறிவிடும். அளவு ஏறினால் கல்லீரல் கெடும், முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு வேளைக்கு நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். சமையல்கட்டு ஸ்பூனை விட்டுவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள்.

நாலு நாள் காய்ச்சல். இன்னிக்குக் காலையில தானா விட்டுடுச்சு. ஆனா பொண்ணு எழுந்திருக்காம படுத்தே இருக்கா. களைப்புதானே?

களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். டெங்குவில் ஆபத்து வருவது காய்ச்சல் இறங்குகிற இந்த நேரத்தில்தான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படும். சில மணி நேரத்திலேயே பிள்ளை கைமீறிப் போகலாம். ரங்கூனில் 1970இல் பெரிதாகப் பரவியதிலிருந்து மழைக்காலந்தோறும் வார்டு நிறைவது இதனால்தான். ஒரு தாய் "சூடு விட்டுடுச்சு சிஸ்டர், வீட்டுக்குப் போறோம்" என்று மூட்டை கட்டினாள். நான் பிள்ளையின் பாதத்தைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. அன்று அவர்களைப் போக விடவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்தது.

நீங்களும் தொட்டுப் பாருங்கள். விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாமை, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி பகல் பார்க்காதீர்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் பாரசிட்டமால் மட்டுமே. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சித் தண்ணீர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

தெருமுனைக் கடையில மாத்திரையெல்லாம் கலந்து பொட்டலமா தர்றாங்க. ஒரே வேளையில காய்ச்சல் நிக்குதே?

நிற்கும்தான். அதில் என்னென்ன இருக்கிறது என்று கொடுக்கிறவருக்கே சொல்லத் தெரியாது. ஆஸ்பிரின் இருக்கலாம், ஸ்டீராய்டு இருக்கலாம். பதினாறு வயதுக்குள் ஆஸ்பிரின் கொடுத்தால் அபூர்வமாக மூளையும் ஈரலும் சேர்ந்து பாதிக்கும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும், நோய் உள்ளே முற்றும். இதைப் படிக்கிற எல்லாரையும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பொட்டலத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

அம்மை போட்டிருக்கு. அம்மன் வந்திருக்கிறப்ப மருந்து கூடாதுங்கிறாங்க அம்மா. ஈரத்துணி, தனக்கா மரப்பட்டைச் சாந்து போடலாமா?

வேப்பிலை கட்டுங்கள், நேர்ந்துகொண்டதைக் கோயிலுக்குச் செலுத்துங்கள், அதில் நான் குறுக்கே வரவில்லை. பிள்ளை வலியில் துடித்தால் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஐபுபுரோஃபென் கூடாது, அம்மைப் புண்ணில் கிருமி ஆழமாகப் பரவ இடம் கொடுக்கும். ஐஸ் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ துடைக்காதீர்கள். உடம்பு நடுங்கி உள்சூடு இன்னும் ஏறும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். தனக்கா காய்ச்சலை இறக்காது. கன்னத்தில் பூசினால் பிள்ளைக்குக் குளுகுளுவென்று இருக்கும், பூசுங்கள். உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் பட வேண்டாம்.