திறக்காத கோப்புறையும் திறந்தே இருக்கும் கல்லாப்பெட்டியும்

மன்னார்குடி, விதை வியாபாரி: பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டதால், ஹார்டு டிஸ்க்கைப் புதிய கணினியில் பொருத்தினேன். கணக்குக் கோப்புறையைத் திறக்க அனுமதி இல்லை என்கிறது. தகவல் மீட்புக்குக் கடையில் 8,000 ரூபாய் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள், உங்கள் கணக்கு எங்கும் போய்விடவில்லை. விண்டோஸ் பயனரைப் பெயரால் அறிவதில்லை, தானே வழங்கிய ஒரு பாதுகாப்பு எண்ணால்தான் அறிகிறது. ஆகவே இரண்டு கணினிகளிலும் ஒரே பெயரை வைத்திருந்தாலும், பழைய உரிமையாளரின் எண் புதிய விண்டோஸுக்கு அந்நியமானது. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து, கோப்புறையை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என உள்ளே செல்லுங்கள். ‘ஓனர்’ வரியில் உள்ள ‘சேஞ்ச்’ வழியாக உங்கள் பெயரைக் கொடுத்து, உட்கோப்புறைகளுக்கும் அது பொருந்துமாறு கட்டத்தில் டிக் செய்து, எல்லாவற்றையும் ஓகே கொடுத்து மூடியபின், மீண்டும் செக்யூரிட்டிக்குச் சென்று ‘ஃபுல் கன்ட்ரோல்’ அளியுங்கள். கோப்புகள் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து பூட்டப்பட்டிருந்தால் மட்டும் இந்த வழி பலிக்காது. அவற்றைத் திறக்கப் பழைய கணினியின் மின்னணுச் சான்றிதழ் வேண்டும்.

பாபநாசம்: விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி 9,000 ரூபாய்க்கு வருகிறது. ‘சின்ன பெர்மிஷன் பிரச்சினைதான்’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

வேண்டாம். அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. ‘சின்னப் பிரச்சினைதான்’ என்று ஒருவர் என் தலையில் கட்டிய ஸ்கேனர் பரணில் இருக்கிறது.

கும்பகோணம், தையல் கடை நடத்துபவர்: ஒரு கோப்புறை திறக்கவில்லை என்று கணினியைக் கொடுத்தேன். என்னைக் கேட்காமலே ஃபார்மேட் செய்துவிட்டார்கள். வாடிக்கையாளர் அளவுகள் அத்தனையும் போயின. பில்லும் தரவில்லை.

அம்மா, உங்கள் மீது தவறே இல்லை. முதலில் கணினியை அணைத்து வையுங்கள். மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத வரைதான் பழைய கோப்புகளை மீட்க ஓரளவு வாய்ப்புண்டு. அடுத்து, இந்த ஃபார்மேட் வழக்கத்தைப் பற்றி எனக்கு நெடுநாள் ஆத்திரம் உண்டு. பத்து நிமிடத்தில் உரிமையை மாற்றித் தரக்கூடிய வேலைக்கு, தெரியாததாலோ சோம்பலாலோ டிஸ்க்கையே துடைத்துவிட்டு, அதற்கும் கூலி வாங்குகிறார்கள். பழுதுபார்க்கக் கணினியைப் பெறும்போது ஒரு துண்டுச் சீட்டில் பழுது இன்னதென்றும், ‘கேட்காமல் அழிக்கக் கூடாது’ என்றும் எழுதிக் கையெழுத்திடச் சொன்னால், ஏதோ அவமதித்துவிட்டதைப் போல முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். கேட்காமல் அழித்தது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம், உங்களுடையதைப் போன்ற சிறு தொகைக்குக் கட்டணமும் இல்லை. பில் இல்லாவிட்டால் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் உதவும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

திருவாரூர்: காணொளியில் பார்த்த, உரிமையை மாற்றும் கட்டளையை சி டிரைவ் முழுவதற்கும் கொடுத்தேன். இப்போது செட்டிங்ஸே திறப்பதில்லை. காணொளிக்காரர் மீது வழக்குத் தொடரலாமா?

அவரிடம் நீங்கள் காசு கொடுத்து எதையும் வாங்கவில்லையே! ஒரு மடையைத் திறக்க வேண்டிய இடத்தில் மதகையே பெயர்த்திருக்கிறீர்கள். கணினியின் சொந்தக் கோப்புகள் ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற கணக்கின் உரிமையில் இருப்பது காரணத்தோடுதான். உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுங்கள்.

நாகப்பட்டினம்: என் பென்டிரைவில் செக்யூரிட்டி பக்கமே இல்லையே, போலியா?

இல்லை, அது எஃப்ஏடி32 போன்ற, கோப்புகளைச் சேமிக்கும் ஓர் எளிய முறையில் இருக்கும். அந்த முறையில் அனுமதிகளே கிடையாது.