பிக்கப் வண்டிக்கு எந்த ஷாக் அப்சார்பர் வாங்குவது?

ஷாக் அப்சார்பர் என்பது எண்ணெய் நிரப்பிய குழாய். உள்ளே ஒரு பிஸ்டன். வண்டி பள்ளத்தில் விழுந்தால் அடியை முதலில் வாங்குவது பட்டை ஸ்பிரிங்தான். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக்கின் வேலை. பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போவதால் ஆட்டம் வெப்பமாக மாறி அடங்குகிறது. வங்கியின் கண்ணாடிக் கதவு படீரென்று அடிக்காமல் மெல்லச் சாத்திக்கொள்கிறதே, அதே உத்தி.

ஆகவே வண்டி எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒட்டன்சத்திரத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குத் தார்ச்சாலையில் காய்கறி ஏற்றும் வண்டிக்கு, நிறுவனம் பொருத்தித் தந்த அதே வகை போதும். மேலூர்ப் பக்கம் குவாரிப் பாதையில் நாள் முழுக்கக் குலுங்கும் வண்டியில் எண்ணெய் சூடாகி நுரைத்துவிடும். நுரை பிஸ்டனைத் தடுத்து நிறுத்தாது. அதற்கு நைட்ரஜன் அடைத்த கேஸ் ஷாக் வாங்குங்கள், அந்த அழுத்தம் நுரையைக் குறைக்கும். காலி வண்டியில் சற்று விறைப்பாகத் தெரியலாம்.

பட்டை கூட்டி உயர்த்திய வண்டி என்றால் பழைய நீளம் பற்றாமல் போகலாம், அளந்து வாங்குங்கள். ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்: பிரேக் பிடிக்கும்போது டயர் தரையை விட்டுத் துள்ளும்.

கனமான ஷாக் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று பலர் நம்புகிறார்கள். பாரத்தைத் தாங்குவது பட்டையும் அச்சும்தான், ஷாக்கை மாற்றியதால் ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.