பெட்டிக்கடை கேள்வி–பதில்: சிகரெட் விற்றால் என்ன மிஞ்சும்?

தொண்டியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர்: மளிகை, பால், சிகரெட், பீடி எல்லாம் வைத்திருக்கிறேன். தினமும் சராசரியாக 6,000 ரூபாய்க்கு ஓடுகிறது. ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவே வேண்டாம் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். நம்பலாமா?

நம்பாதீர்கள். சரக்கு மட்டும் விற்கும் கடைகளுக்கு 2019 ஏப்ரலில் இருந்து 40 லட்சம் வரம்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதே அறிவிக்கையில் ஒரு விலக்குப் பட்டியலும் இருக்கிறது. ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருள்கள் விற்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்களுக்குப் பழைய 20 லட்சம்தான். கடையில் நாலு பீடிக் கட்டு தொங்கினாலும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவீர்கள்.

20 லட்சத்தை 365 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 5,480 ரூபாய் வரும். உங்களுக்கு 6,000 ஓடுகிறது, ஆண்டுக்கு 21.9 லட்சம். வரம்பைத் தாண்டியாயிற்று. வரி இல்லாத பால், காய்கறி, சில்லறை அரிசி விற்பனையும் இந்த மொத்தத்தில் சேரும். ஒரே பான் கார்டில் இரண்டு கடை இருந்தால் இரண்டும் சேரும். வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் 10,000 ரூபாய் அல்லது கட்டாமல் விட்ட வரி, இரண்டில் எது அதிகமோ அது அபராதமாக விழும். ‘நம்ம கடை யாருக்குத் தெரியப்போகிறது’ என்று இருக்க முடியாது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்தே டீக்கடை, பேக்கரிகளுக்கு நோட்டீஸ் போனது.

உங்களுக்குப் பொருத்தமானது இணக்க வரித் திட்டம், அதாவது ‘காம்போசிஷன்’. வரி உள்ள சரக்கின் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியையும் திரும்பக் கேட்க முடியாது. பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. பான், ஆதார், கடையின் மின் கட்டண ரசீது, வாடகைக் கடை என்றால் ஒப்பந்தம், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கடைக்காரர்கள் பெரும்பாலும் போட்டுப் பார்க்காத ஒரு கணக்கு. உங்கள் 6,000 ரூபாயில் 1,200 ரூபாய் புகையிலை என்று வையுங்கள். நூற்றுக்கு 6 ரூபாய் நின்றால் நாளைக்கு 72, ஆண்டுக்கு 26,280 ரூபாய் லாபம். வரி உள்ள விற்பனை 17 லட்சம் என்றால் இணக்க வரி 17,000 ரூபாய். மீதி 9,280. அதில் கணக்கு எழுதுபவருக்கும் கொடுக்க வேண்டும். புகையிலையை எடுத்துவிட்டால் விற்பனை 17.5 லட்சமாகக் குறையும், வரம்பு 40 லட்சமாக உயரும், அந்த 17,000 ரூபாய் வரியும் இல்லை. சிகரெட்டுக்கு வருகிறவர் கூடவே பிஸ்கட்டும் வாங்குகிறார் என்பது மெய்தான். அதனால் ஒரு மாதம் நோட்டுப் போட்டுப் பாருங்கள்: புகையிலை மட்டும் வாங்கிப் போனவர் எத்தனை பேர், கூடவே வேறு சரக்கும் எடுத்தவர் எத்தனை பேர் என்று. எங்கள் கருத்து தெளிவானது: சிறிய மளிகைக் கடைக்குப் புகையிலை கட்டுப்படியாகிற சரக்கு அல்ல. ஆனால் டீ போட்டு விற்பவர்களுக்கு இந்த 40 லட்சம் பொருந்தாது. டீக்கடை சேவைக் கணக்கில் வருவதால் அவர்களுக்கு எப்படியும் 20 லட்சம்தான்.

பாம்பனிலிருந்து ஒரு வாசகி: வரி ஏறிவிட்டது என்று பழைய பாக்கெட்டையே புது விலைக்கு விற்கிறார்கள். கேட்டால் கடைக்குச் சரக்கு போடும் லைன் வண்டிக்காரரைக் கை காட்டுகிறார்கள். இது முறையா?

முறையல்ல. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் எடையளவுச் சட்டப்படி குற்றம். வரி ஏறியது நிஜம். 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். இழப்பீட்டு மேல்வரி போய், அதன் இடத்தில் கலால் வரி வந்திருக்கிறது: நீளத்தையும் ஃபில்டரையும் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாய் முதல் 8,500 ரூபாய் வரை. ஆனால் கலால் ஆலையிலேயே விழுகிற வரி. ஏற்கெனவே வெளியே வந்து கடையில் கிடக்கும் பாக்கெட்டுக்கு அது பொருந்தாது. சில்லறையாக வாங்கும்போது பாக்கெட் விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 10 சிகரெட் உள்ள பாக்கெட்டில் 100 என்று போட்டிருந்தால், ஒன்றை 12 ரூபாய்க்கு விற்பது கூடுதல் விலை.

விலை ஏறப்போகிறது என்று மூட்டையாக வாங்கி அடுக்குகிற கடைக்காரருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பழைய விலை அச்சிட்ட சரக்கைப் பழைய விலைக்குத்தான் விற்க முடியும். அதற்குள் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று வந்துவிட்டால் பீடிக் கட்டு நமுத்து, உள்சுற்றில் பூஞ்சை பிடித்துவிடும்.

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: வரி ஏற்றினால் ஏழை மீனவர் வயிற்றில் அடிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். புகையிலை விற்கும் கடையையே ஒதுக்க வேண்டும் என்று வேறு சிலர். நீங்கள் எந்தப் பக்கம்?

வரியின் பக்கம். விலை ஏறும்போது முதலில் குறைப்பவர்கள் இளைஞர்களும் கையில் காசு குறைவாக உள்ளவர்களும்தான். நோயும் மருத்துவச் செலவும் அதிகம் தாக்குவதும் அவர்களைத்தான். சில்லறை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

எங்கள் வருத்தம் பீடியைப் பற்றியது. சிகரெட் வரி 40 ஆன அதே நாளில் பீடியின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 2016–17 தேசியக் கணக்கெடுப்பில் சிகரெட் பிடித்த பெரியவர்கள் 4 சதவீதம், பீடி பிடித்தவர்கள் 7.7 சதவீதம். உழைப்பாளி கையில் இருப்பது பீடி. அதை மலிவாக விடுவதை அவருக்குச் செய்யும் சலுகை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பீடி சுற்றும் பெண்களின் கூலியைக் காக்க வேறு வழி தேட வேண்டும்.

கடையை ஒதுக்கச் சொல்வது மட்டும் சரியில்லை. சட்டப்படி நடக்கச் சொல்லிக் கேளுங்கள்; ஊர்க் கூட்டத்திலேயே கேட்கலாம்.

மண்டபத்திலிருந்து ஒருவர்: எங்கள் கடை பள்ளிக்கு எதிர்த் தெருவில் இருக்கிறது. மாலையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். சிக்கல் வருமா?

இரண்டு சிக்கல். கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவர் அல்லது வேலியிலிருந்து 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் புகையிலை விற்கக் கூடாது. பலர் வாசலிலிருந்து தெரு வழியாக நடந்து அளக்கிறார்கள். அது தப்பு. சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில், எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும். தெரு வளைந்து போவதால் 150 மீட்டர் நடை என்றாலும் நேர்கோட்டில் 80 மீட்டராக இருக்கலாம்.

அடுத்தது உங்கள் மகள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பது மட்டுமல்ல, அவர் விற்பதும் கையாள்வதும் கூடாது. அபராதம் 200 ரூபாய்தான் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. ‘அப்பாவுக்கு’ என்று சொல்லி வரும் சிறுவனுக்கும் கொடுக்காதீர்கள். வாங்கியவர் சிறுவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது.

ராமேசுவரத்தில் பேருந்து நிலையம் அருகே டீக்கடை வைத்திருப்பவர்: கடைக்குள் லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதற்கு ஆட்சேபம் சொன்னார்கள். லைட்டர் வைப்பதும் குற்றமா?

ஆமாம். டீக்கடையின் உட்புறமும் பேருந்து நிலையமும் பொது இடங்கள். பொது இடத்தில் தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் என்று புகைப்பதற்கு வசதி எதுவும் செய்து தரக் கூடாது. பற்றவைக்க நெருப்போடு தொங்கவிடும் கயிறும் அதே கணக்குத்தான். அவிழ்த்துவிட்டு, 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் ‘புகைபிடிக்கத் தடை’ பலகையை வாசலில் மாட்டுங்கள். உள்ளே மூன்று பேர் பிடித்தால் மூன்று குற்றத்துக்கும் உங்களிடம் அபராதம் வாங்கலாம். கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: குட்கா கேட்டு வருகிறவர்களை என்ன சொல்லி அனுப்புவது?

இல்லை என்று சொல்லி அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 2013 மே முதல் தடை. பிடிபட்டால் முதல் முறை 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடைக்குச் சீல். மூன்றாம் முறை ஒரு லட்சம், 90 நாள். எந்த லாபமும் இதற்கு ஈடாகாது.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி: கணவர் விசைப்படகில் போகிறார். பீடியை விடுவதற்காக நிகோட்டின் சூயிங்கம் வாங்கினார். விக்கலும் நெஞ்செரிச்சலும் வருகிறது என்று தூக்கிப் போட்டுவிட்டார். வேறு வழி உண்டா?

மிட்டாய் போல விடாமல் மென்றிருப்பார். அப்படி மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல் வரும். பீடி ஆசையும் அடங்காது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி சில மெல்லு. இப்படி அரை மணி நேரம். டீ, காபி குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டால் வாய்க்குள் சரியாக இறங்காது. படகில் அடிக்கடி டீ போடுவார்கள். பலருக்கும் இங்கேதான் பிசகுகிறது.

எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி தேடுபவருக்கு 4 மி.கி. தேவைப்படும், மற்றவர்களுக்கு 2 மி.கி. போதும். முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சூயிங்கம். பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் நிறுத்தலாம். நெஞ்சுவலி, இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். கரையில் இருக்கும் நாளில் அவரையே பேசச் சொல்லுங்கள்.