பாம்பன் பாலமும் பத்துச் சீட்டும்

ஐயா, வணக்கம்.
ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் பிள்ளைகள் முன்னுரை, முடிவுரை என்று போட்டு, நடுவில் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். கட்டுரையின் கட்டமைப்பை எப்படிச் சொல்லித்தருவது?
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கொட்டட்டும், தப்பில்லை. கொட்டியதில் பொறுக்கத்தான் பழக்கவேண்டும். பள்ளிகளுக்குப் போகும்போது நான் செய்வதைச் சொல்கிறேன்.

பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிப் பத்துத் தகவல், சீட்டுக்கு ஒன்று. 1914-இல் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்தது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தது. உப்புக் காற்றில் இரும்பு அரிப்பது. கப்பல் வந்தால் பழைய தூக்குப்பாலம் இரண்டாகப் பிரிந்து விரிவது, அதை ஆட்கள் கையால் இயக்கியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி லிஃப்ட் போல நேராக மேலே போவது. இப்படி.

மூன்று குழு, மூன்று கேள்வி. ‘பாலத்தின் கதை என்ன?’ என்று கேட்ட குழு ஆண்டைப் பார்த்து மளமளவென்று அடுக்கிவிட்டது. ‘புதுப் பாலம் எதற்கு?’ குழுவில்தான் சண்டை. புயலால்தான் என்று ஒரு பையன் அந்தச் சீட்டை முதலில் வைத்தான். “46 நாள்ல சரிபண்ணி, அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல ரயில் ஓடியிருக்கே?” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். புயல் கீழே இறங்கியது, உப்புக் காற்று மேலே ஏறியது. காரணத்தை எப்படி அடுக்குவது என்று அதற்குமேல் நான் பாடம் நடத்தவில்லை.

‘கப்பல் வந்தால் பாலம் என்ன செய்யும்?’ குழு பழையதையும் புதியதையும் எதிரெதிரே வைத்தது. கையில் பாதிச் சீட்டு மிச்சம். “இதையெல்லாம் எங்க சார் வைக்கிறது?” சட்டைப் பையில் வை என்றேன். முகம் வாடிவிட்டது, பாவம். ஸ்ரீதரன் சீட்டு அதில் இருந்தது.

‘பாம்பன் பாலம்’ என்று வெறும் தலைப்பைக் கொடுத்திருந்தால் பத்துச் சீட்டும் உள்ளே வந்திருக்கும். அதனால் கேள்வியாகக் கொடுங்கள். அடுக்கியதை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்; ‘ஆனால்’, ‘அதனால்’ எல்லாம் தானாக வாயில் வரும்.

பரீட்சையில் குறிப்புச் சட்டகம், அதாவது கட்டுரைக்கு மேலே உட்தலைப்புகளின் பட்டியல், கேட்டால் போடட்டும், மதிப்பெண்ணை யார் விடுவார்கள்? மேலே நாலு வரி இடம் விட்டுவிட்டு, கட்டுரையை முடித்தபிறகு அதை நிரப்பச் சொல்லுங்கள்.