வாசகர் கேள்வி பதில்: ஃப்ளூட்ல அந்த சி ஷார்ப் மட்டும் ஏன் ஏறுது?

கேள்வி: சர்ச் கொயர்ல வெஸ்டர்ன் ஃப்ளூட் வாசிக்கிறேன். கீபோர்டோட ட்யூன் பண்ணிட்டுதான் ஆரம்பிக்கிறேன், ஆனா இடது கை விரல் எல்லாத்தையும் தூக்கிட்டு வாசிக்கிற சி ஷார்ப் மட்டும் எப்பவும் ஸ்ருதி ஏறிடுது. உதட்டால இறக்கினா சவுண்டே செத்துப்போகுது. வேற ஃபிங்கரிங் (விரல் வெக்கிற முறை) இருக்கா?

பதில்: இருக்குங்க. உதட்டை போட்டு படுத்தாதீங்க, இது குழலோட அமைப்புலயே இருக்கிற பிரச்சனை. 1847-ல ஃப்ளூட் தயாரிப்பாளர் தியோபால்ட் போம் இந்த மாடலை கொண்டு வந்தப்போ, அந்த சி ஷார்ப் துளையே மேல வர்ற டி, டி ஷார்ப்புக்கும் காத்து விடுற துளையா இருக்கணும்னு அதை சின்னதாக்கி, வாய்ப் பக்கமா கொஞ்சம் தள்ளி வெச்சாரு. அதனால மத்த நோட்டெல்லாம் சரியா இருந்தாலும் இது மட்டும் மெலிசா, ஷார்ப்பா நிக்கும்.

வழக்கமா பிடிக்கிற மாதிரியே பிடிச்சிட்டு வலது கை நடு விரலையும் மோதிர விரலையும் கூட வெச்சு பாருங்க, ஸ்ருதி இறங்கும், சவுண்டும் கொஞ்சம் கனமா வரும். போதலைன்னா ஆள்காட்டி விரலையும் சேத்துக்கோங்க. ஆனா எல்லா இடத்துலயும் இது வேணாம். நீளமா புடிக்கிற நோட்டுக்கும் சத்தமா ஊதுற இடத்துக்கும்தான் வேணும், மெதுவா ஊதும்போது ஸ்ருதி தானா இறங்கும்ங்கறதால அங்க பழைய ஃபிங்கரிங்கே சரியா உக்காரும், வேகமா டி-க்கு தாவுற இடத்துல விரலை மாத்தி தடுமாறவும் வேண்டியதில்ல. ரொம்ப உறுத்துறது ஏ மேஜர் கார்டுலதான். கீபோர்டு இல்லாம குரலோட மட்டும் வாசிச்சீங்கன்னா அந்த கார்டுல சி ஷார்ப் ட்யூனர் காட்டுறதவிட சுமார் 14 சென்ட் (ஒரு செமிடோன்ல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) கீழ இருந்தாதான் சுத்தமா சேரும், உங்களுது ஏற்கனவே மேல நிக்குது, அப்போ எவ்ளோ விலகும்னு பாருங்க. கீபோர்டு கூட இருந்தா அதையே கேட்டு சேருங்க.

கேள்வி: மூணாவது ஆக்டேவ்லயும் இதே கதைதான். அங்க என்ன பண்றது?

பதில்: மேல் ஈ-க்கு வலது சுண்டு விரலை எடுத்துடுங்க, நோட்டு இறங்கும், உடையாமலும் வரும். எஃப் ஷார்ப்புக்கு வலது மோதிர விரலுக்கு பதிலா வலது நடு விரல். ஜி ஷார்ப்புக்கு வலது நடு விரல், மோதிர விரல் ரெண்டையும் சேத்துட்டு சுண்டு விரலை எடுத்துடுங்க.

அதுக்கு முன்னாடி ஹெட்ஜாயின்ட்ல (ஊதுற துளை இருக்கிற மேல் பகுதி) உள்ள அடைச்சிருக்கிற கார்க் சரியா இருக்கான்னு பாத்துடுங்க. க்ளீனிங் ராட்ல ஒரு கோடு போட்டிருப்பாங்க இல்ல, அதை உள்ள விட்டா அந்த கோடு ஊதுற துளைக்கு நடுவுல தெரியணும், அதாவது கார்க் முனையில இருந்து துளையோட நடு வரைக்கும் சுமார் 17 மிமீ. அது நகந்திருந்தா ஆக்டேவே ஒண்ணுக்கொண்ணு சேராது, எந்த ஃபிங்கரிங்கும் காப்பாத்தாது. குழல் நல்லா சூடானப்புறம், கண்ணை மூடிட்டு நோட்டை நிறுத்தி புடிச்சு, காதுக்கு சரின்னு பட்டதுக்கு அப்புறமா ட்யூனரை பாருங்க.