கூட்டின தொகை ஏன் பூச்சியமாகிறது?

கேள்வி: புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு புடவை மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். அன்றைய விற்பனை பைலை வரி வரியாக வாசித்துக் கூட்ட, எங்கள் உபுண்டு கணினிக்கு ஒருவர் பாஷ் ஸ்கிரிப்ட் எழுதித் தந்தார் (பாஷ் என்பது ஒரு ஷெல், அதாவது எழுதித் தரும் கட்டளைகளை ஓட்டும் மென்பொருள்). ஒவ்வொரு வரிக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் தொகை சரியாக ஏறுகிறது, முடிந்த பிறகு 0 என்று காட்டுகிறது. அவரோ தன் மெக்கில் டெர்மினலில் ஒட்டி, சரியான விடை வருவதைக் காட்டிவிட்டு, "உங்கள் மெஷின்தான் பிழை, பைத்தன் என்ற வேறு நிரல் மொழிக்கு மாற்றித் தருகிறேன், 25,000 ரூபா" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மெஷினில் பிழை இல்லை.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டில் முதலில் பைலை எடுத்துக் கொடுக்கும் கேட் (cat), பிறகு பைல் பெயர், அடுத்து | என்ற நிமிர்ந்த கோடு, அப்புறம் வரி வரியாக வாசிக்கும் லூப்பான வைல் ரீட் (while read). இடப்பக்கக் கட்டளை தருவதை வலப்பக்கத்துக்குக் கடத்தும் அந்தக் கோடுதான் பைப், வினையும் அங்கேதான். பைப்புக்கு வலப்பக்கம் இருக்கும் வேலையை பாஷ் தானே செய்யாது, தன்னைப் போல ஒரு நகலை உண்டாக்கி அதன் தலையில் கட்டிவிடும். அந்த நகல் தொகையைப் போட்டு வைக்கும் உங்கள் 'மொத்தம்' மாறியின் பிரதியை எடுத்துக்கொண்டு அழகாகக் கூட்டும், லூப்பை மூடும் டன் (done) வந்ததும் தன் கணக்குக் கொப்பியோடு செத்துப்போகும். வெளியே நிற்கும் அசல் மாறியை யாரும் தொடவே இல்லை, அது போட்ட 0ஆகவே நிற்கிறது.

திருத்தம் ஒரு நிமிட வேலை. கேட்டையும் பைப்பையும் அழித்துவிட்டு, டன்னுக்குப் பக்கத்தில் < போட்டு பைல் பெயரை எழுதுங்கள். இப்போது நகல் கிடையாது, லூப் உங்கள் ஷெல்லிலேயே ஓடும்.

மெக்கில் ஏன் சரியாக வந்தது? 2019இல் இருந்து மெக் டெர்மினலில் இருப்பது பாஷ் அல்ல, ஸீஷெல் (zsh) என்ற வேறு ஷெல். அது பைப்பின் கடைசித் துண்டைத் தானே செய்யும், பாஷ் வழக்கமாக அப்படிச் செய்யாது. ஒரே எழுத்து, ஷெல்லுக்கு ஷெல் வேறு விடை. இதை வகுத்தவர்களைப் பிடித்து உங்கள் கடையில் ஒரு நாள் கணக்குப் பார்க்க வைக்கவேண்டும். ஆனால் காசு வாங்கி எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? கொழும்பில் இது எனக்குப் பழகிப்போன கதை: தன் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டுவார், உங்களுடையதில் ஓடாவிட்டால் புது வேலை என்று புதுத் தொகை சொல்வார், பிறகு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம். எவர் வந்தாலும் உங்கள் கணினியில், உங்கள் பைலை வைத்து ஓட்டச் சொல்லுங்கள். கேட்டை ஃபார் (for) என்ற வேறு வகை லூப்புக்குள் வைத்து எழுதித் தருகிறவரும் உண்டு, அதில் வாடிக்கையாளர் பெயரில் இடைவெளி இருந்தால் ஒரே ஆள் மூன்று ஆளாக உடைவார்.

ரீட் என்பதை ரீட் மைனஸ் ஆர் (read -r) ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சரக்குக் குறியீட்டில் வரும் \ காணாமல் போகும். வரியைக் காற்புள்ளியில் பிரிக்க, பிரிக்கும் குறியைச் சொல்லும் ஐஎஃப்எஸ் (IFS) போட்டிருக்கிறார், அது சரி.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். பைலின் கடைசி வரிக்குப் பிறகு என்டர் தட்டியிருக்காவிட்டால், அதாவது முடிவில் நியூலைன் என்ற வரிமுடிவுக் குறி இல்லாவிட்டால், அந்த வரி கூட்டலில் வராது. ரீட் அதை வாசித்து மாறியில் போட்டுவிடும், ஆனால் "பைல் முடிந்தது, தோல்வி" என்று கையை விரிக்கும், வைலும் அதை நம்பி உடனே வெளியே வந்துவிடும். பெயரும் தொகையும் மாறிக்குள் இருக்கும், கூட்டத்தான் ஆளில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் சம்பளப் பட்டியலின் கடைசிப் பெயருக்கு மட்டும் மின்னஞ்சல் போகாது, பட்டியல் அகரவரிசையில் இருந்ததால் மாதாமாதம் அதே பாவப்பட்ட மனிதர். சோதித்துப் பார்க்க, நியூலைன்களை எண்ணும் டபிள்யூசி மைனஸ் எல் (wc -l) கொடுங்கள்: கண்ணால் எண்ணினால் 40 வரி, அது 39 என்று சொன்னால் இந்தப் பிரச்சினைதான். கையால் என்டர் தட்டலாம், ஆனால் நாளைக்கு வரும் பைலுக்கு யார் தட்டுவது? அதனால் ரீட்டுக்குப் பின்னால், டூ (do) வருவதற்கு முன், 'அல்லது' என்று பொருள்படும் || போட்டு, பெயர் மாறியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் மைனஸ் என் (-n) சோதனையைச் சதுர அடைப்புக்குள் சேருங்கள். மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க மறக்கவேண்டாம், மறந்தால் சோதனை எப்போதும் ஆம் என்றே சொல்லும், லூப் நிற்காது.

லூப்புக்குள் தொகை சரியாக ஏறுகிறது என்பதால் பைலில் விண்டோஸ் விட்டுச் செல்லும் ஒளிந்த எழுத்துகள் தொகையோடு ஒட்டியில்லை, அதை விடுங்கள். தொகையில் 1250.50 என்று சதம் வரத் தொடங்கினால் மட்டும் பாஷ் கூட்டாது, அதற்கு முழு எண்தான் தெரியும். அப்போது ஆக் (awk) என்ற கருவியில் ஒரே வரியில் எழுதலாம், மாதிரிக்கு நாலு வரி அனுப்புங்கள்.