ஆங்கில 'ஃபெயில்' என்ற சொல்லுக்குச் செக் மொழியில் ஏன் ஒரே சொல் இல்லை?

'ஃபெயில்' இரண்டு வேலை செய்கிறது: முயன்று தோற்பது ஒன்று, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது இன்னொன்று. பூட்டைத் திறக்கப் போராடியும் முடியாதவரும், சாவியை எடுக்கவே போகாதவரும் ஒன்றா? ஆங்கிலம் இருவருக்கும் ஒரே சொல்லைத் தரும். செக் மொழி பிரித்துவிடும்.

வெற்றி கிட்டாவிட்டால் 'நெஉஸ்ப்யெத்'. மனிதரோ கருவியோ வேண்டிய நேரத்தில் கைவிட்டால் 'ஸெல்ஹத்'. இயந்திரக் கோளாறுக்குத் தனியாக 'பொருஹா'. செய்ய மறந்து விட்டுவிட்டால் 'ஒப்பொமெனோவ்த்'.

செய்யாமல் விட்டதைச் சொல்ல இன்னொரு எளிய வழியும் உண்டு: செக் வினைச்சொல்லின் முன்னால் 'நெ' ஒட்டினாலே எதிர்மறை வந்துவிடும். 'ஸப்ளத்தில்' என்றால் பணம் கட்டினான். 'நெஸப்ளத்தில்' என்றால் கட்டவில்லை. 'ஃபெயில்ட் டு பே' என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நம் 'கட்டவில்லை' போலத்தான், எதிர்மறை அங்கே முன்னால் வருகிறது, அவ்வளவுதான். எனக்கு மிகப் பிடித்த அழகு இது.

'சின்னொஸ்த்' என்றால் செயல்பாடு. அதிலும் 'நெ' சேர்ந்தால் 'நெச்சின்னொஸ்த்', அதாவது செயலின்மை. இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோம்பலுக்கு 'லெனொஸ்த்' என்ற வேறு சொல் இருக்கிறது.